மலையில் விடுமுறைக் காலம்: மனநலத்தில் நாம் செய்யும் தவறுகள்

அரையாண்டுத் தேர்வு விடுமுறை தொடங்கியது முதல் பொங்கல் முடியும் வரை நீலகிரியில் ஓய்வெடுக்க வருபவர்களும், அவர்களுக்காக ஓய்வின்றி உழைப்பவர்களும், ஹெத்தையம்மன் திருவிழாவுக்காகக் கோவையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் சொந்த ஹட்டிக்கு, அதாவது தங்கள் சிற்றூருக்கு, திரும்பும் படுகர் குடும்பத்தினரும் ஒரே சாலைகளில் நெருக்கியடித்துச் செல்கிறார்கள். இவர்களின் மனச்சுமைகள் வெவ்வேறானவை என்றாலும், மனத்தின் நலனை விடுமுறையே பார்த்துக்கொள்ளும் என்றோ, விடுமுறை முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றோ தள்ளிப்போடுவது எல்லோரிடமும் காணப்படுகிறது.

மனச்சோர்வு நோயில் இருப்பவரை "நாலு நாள் ஊட்டிக்கு அழைத்துப் போனால் தெளிந்துவிடும்" என்று உறவினர் சொல்வதுண்டு. வேலைக் களைப்புக்கு இடமாற்றம் உதவும். ஆனால் எதிலும் இன்பம் காண முடியாமை மனச்சோர்வின் முக்கிய அறிகுறிகளில் ஒன்று என்பதால், தொட்டபெட்டாவில் நின்றும் அவருக்கு எதுவும் தோன்றாமல் போகலாம். அப்போது "இவ்வளவு செலவழித்தும் முகம் மலரவில்லையே" என்று யாராவது சொல்லிவிட்டால், நோயோடு குற்றவுணர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. பயணத்தைச் சிகிச்சையாக எண்ணி மாத்திரையை நிறுத்துவது இதைவிடப் பெரிய தவறு. மனச்சோர்வுக்கான சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால், சில நாட்களிலேயே தலைசுற்றலும் எரிச்சலும் தூக்கக்கேடும் வரக்கூடும். தீர்ந்தால் மலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பாமல், பயண நாட்களுக்கும் அதற்கு மேல் ஒரு வாரத்துக்கும் தேவையான மாத்திரைகளையும் மருத்துவரின் சீட்டையும் கையில் கொண்டுவர வேண்டும்.

மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் என்ற மருந்தை உட்கொள்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வளைவுகளில் வாந்தி வரும் என்றும், வழியில் கழிப்பறை கிடைக்காது என்றும் பலர் தண்ணீர் குடிக்காமலேயே வருகிறார்கள். உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு உயர்ந்து நச்சாகக்கூடும் என்பதால், இவர்கள் அப்படிச் செய்யக் கூடாது. வாந்தி தொடர்ந்தால் மருத்துவரைக் கேட்க வேண்டும். மனநிலை மிகை எழுச்சிக்கும் சோர்வுக்கும் மாறிச் செல்லும் இருமனநிலைக் கோளாறு உள்ளவர்களுக்குத் தூக்கமின்மை அந்த எழுச்சியைத் தூண்டக்கூடும். ஆகவே நள்ளிரவு வரை தீமூட்டிப் பாடிவிட்டு விடியலில் காட்சிமுனைக்குக் கிளம்பும் திட்டத்தில் அவர்களைச் சேர்க்காமல் இருப்பது குடும்பத்தாரின் பொறுப்பு.

மலைவாசிகளின் தவறு "சீசன் முடியட்டும்" என்ற சொல்லில் இருக்கிறது. டாக்ஸி ஓட்டுநரும், காட்டேஜ் பணியாளரும், வர்க்கியும் சாக்லேட்டும் விற்கும் கடைக்காரரும் மாதக்கணக்கில் வாழ வேண்டிய வருமானத்தைச் சில வாரங்களில் ஈட்ட வேண்டியிருக்கும்போது, அவர்களிடம் போய் "ஓய்வெடுங்கள்" என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு என்றே நான் கருதுகிறேன். ஆனால் தூக்கத்துக்கென ஒரு நேரத்தை ஒதுக்கிப் பேரம் பேசாமல் காப்பது அவர்களுக்கும் இயலக்கூடியதுதான். விடியுமுன் விழிப்பு வந்து மீண்டும் உறங்க முடியாமை, எதிலும் பற்றின்மை, பசியின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதை வேலைக் களைப்பு என்று ஒதுக்கக் கூடாது.

"குளிருக்குக் கொஞ்சம்" என்று தொடங்கும் குடி இந்த வாரங்களில் எளிதாகக் கூடுகிறது. மது தோலடி இரத்தக் குழாய்களை விரிப்பதால் கதகதப்பாகத் தோன்றுமே தவிர, உடல் உண்மையில் வெப்பத்தை இழக்கிறது. உறக்கம் விரைவில் வந்தாலும் பின்னிரவில் கலைகிறது. தூக்க மாத்திரையுடனோ பதற்றத்துக்கான மாத்திரையுடனோ மது சேர்ந்தால் மூச்சே ஒடுங்கிவிடக்கூடும்.

குளிர்கால இருளே சோர்வுக்குக் காரணம் என்ற விளக்கமும் இப்போது பரவலாகக் கேட்கிறது. லண்டனில் டிசம்பரின் மிகக் குறுகிய பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு; உதகையில் ஆண்டின் குறுகிய பகலுக்கும் நெடிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1 மணி 20 நிமிடம்தான். ஆகவே அந்த விளக்கம் இங்கே அவ்வளவாகப் பொருந்தாது. பனிமூட்டம் வீட்டுக்குள் முடக்கலாம் என்பதால் வெயில் வந்ததும் வெளியே நடப்பது நல்லது. ஆனால் தை பிறந்தால் தானே சரியாகும் என்று காத்திருக்க அந்த விளக்கம் இடம் தரக் கூடாது.

அவ்வாண்டில் துக்கம் நேர்ந்த வீட்டில் பொங்கல் வைப்பதில்லை என்ற வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. வழக்கத்தைக் காரணம் காட்டி அந்த வீட்டுக்கு யாரும் போகாமலேயே இருந்துவிடுவதுதான் தவறு. பண்டிகை கொண்டாடாத வீட்டுக்கும் அன்று சாப்பாடு எடுத்துச் செல்லலாம். இறந்தவரின் பேரைச் சொல்லிப் பேசலாம். அழுதுவிடுவார்களே என்று அஞ்சி அந்தப் பேச்சையே தவிர்ப்பவர்கள், அவர்களைத் தனியே அழ விடுகிறார்கள். ஊருக்கு வந்த பிள்ளைகளிடம் திருமணத்தையும் சம்பளத்தையும் குழந்தையையும் பற்றிப் பந்தியில் வைத்துக் கேட்பதும் அதே நாளில் நடக்கும் வன்முறைதான். அவர்களின் நலம் பற்றிக் கேட்க விரும்பும் பெரியவர்கள் தனியே அழைத்துக் கேட்கலாம்.

"இருந்து என்ன பயன்" என்று ஒருவர் சொல்லும்போது, நல்ல நாளில் இப்படிப் பேசாதே என்று வாயை அடைத்துவிடக் கூடாது. உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை. பொங்கல் விடுமுறையில் புறநோயாளிப் பிரிவு வழக்கம்போல் இயங்காது, கோவைக்கு இறங்கும் சாலையிலும் நெரிசல் இருக்கும் என்பதால், மாதாந்திரப் பரிசோதனையை அந்த வாரத்துக்குத் தள்ளாமல் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். இடைப்பட்ட நாட்களில், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற மத்திய அரசின் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற எண்ணை இரவிலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். மாநில அரசின் 104 மருத்துவ ஆலோசனைத் தொலைபேசிச் சேவையும் உண்டு. உடனடி ஆபத்து என்றால் 108-ஐ அழைத்து, உதவி வரும் வரை அவரைத் தனியே விடாதீர்கள். தேயிலைக்கும் காய்கறிக்கும் வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால், அதை அன்றே அப்புறப்படுத்தி வேறோர் இடத்தில் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.