வீட்டுக்கு லேன் கேபிள்: கேட் 5இ, கேட் 6, கேட் 8, எதை வாங்குவது, எப்படிப் போடுவது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் தாமான் டெரஸ் வீடோ கொண்டோவோ, சுவருக்குள் இழுக்கப் போகிற கேபிள் சுத்தச் செம்பில் செய்த கேட் 6 ஆக இருந்தால் போதும் ('கேட்' என்பது கேட்டகரி, அதாவது கேபிளின் தர வகை). கடைக்காரர்கள் கேட் 8 என்று பெரிதாக அச்சடித்ததை நீட்டி, "பாஸ், இதுதான் லேட்டஸ்ட்" என்பார்கள். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுங்கள்.

1. எந்த எண்?

கேட் 5இ 100 மீட்டர் வரை நொடிக்கு 1 ஜிகாபிட் வேகம் தாங்கும். 2016இல் வந்த 2.5 ஜிகாபிட் தரமும் இதே கேபிளில் ஓடும்படி வகுக்கப்பட்டதுதான். ஆகவே சுவருக்குள் ஏற்கெனவே நல்ல கேட் 5இ இருந்தால் பிடுங்காதீர்கள். புதிதாகப் போடுகிறவர்களுக்குத்தான் கேட் 6. அது 10 ஜிகாபிட்டையே சுமார் 55 மீட்டர் வரை கொண்டுபோகும். மாடிப்படி ஓரமாகச் சுற்றி இழுத்தாலும் நம் வீடுகளுக்கு அவ்வளவு நீளம் தேவைப்படாது. கேட் 6ஏ அதே வேகத்தை 100 மீட்டருக்குக் கொடுக்கும், ஆனால் தடிமன். பழைய வீட்டுக் குறுகிய பைப்பில் அதைத் திணிப்பது பெரும்பாடு. கேட் 7ஐ அமெரிக்கத் தர அமைப்பான டிஐஏ ஏற்கவே இல்லை. கேட் 8 டேட்டா சென்டர்களுக்கானது: 25, 40 ஜிகாபிட், அதுவும் 30 மீட்டருக்குள். உங்கள் ஃபைபர் பிளான் 1 ஜிகாபிட் என்றால் எதைப் போட்டாலும் 1 ஜிகாபிட்தான்.

2. உள்ளே செம்பா, அலுமினியமா?

எண்ணைவிட இதைக் கவனியுங்கள். மலிவான கேபிள்கள் பலவற்றில் 'சிசிஏ' இருக்கும். அதாவது, அலுமினியக் கம்பிமேல் மெல்லிய செம்புப் பூச்சு. வெளியே கேட் 6 என்று அச்சடித்திருந்தாலும் அது கேட் 6 தரத்துக்கு உட்பட்டதல்ல. மின்தடை அதிகம். சிசிடிவி கேமராவுக்கு இதே கேபிளில் மின்சாரமும் அனுப்பினால் கேபிள் சூடேறும். கேமரா தொலைவில் இருந்தால், இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும் நேரம் பார்த்து அணைந்து அணைந்து வரும்.

கத்தியால் ஒரு கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாக மின்னினால் அலுமினியம். 305 மீட்டர் பெட்டியை ஒரு கையால் அலட்சியமாகத் தூக்க முடிந்தாலும் சந்தேகப்படுங்கள்.

3. கிரிம்ப்

இழுப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கரண்ட் வயர் போகும் பைப்பில் சேர்த்து இழுக்காதீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம் பிளக். அதைக் கேபிள் முனையில் மாட்டி அழுத்திப் பொருத்துவதுதான் கிரிம்ப். கேபிளுக்குள் எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடி. கிளிப் கீழேயும் கேபிள் நுழையும் வாய் உங்களைப் பார்த்தும் இருக்கட்டும். இடமிருந்து: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இந்த வரிசைக்கு டி568பி என்று பெயர்.

மாட்டிக்கொள்ளும் இடம் நடுவில்தான். பச்சை ஜோடி பிரிந்து 3, 6ஆம் இடங்களில் போகிறது. அதன் இடையில் நீலம் உட்காருகிறது. "இரண்டு முனையிலும் ஒரே மாதிரி இருந்தால் போதாதா?" என்று ஜோடி ஜோடியாக அடுக்கினால், மலிவு டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காகவே எரியும். ஆனால் 3உம் 6உம் இப்போது வெவ்வேறு முறுக்கிலிருந்து வருகின்றன. ஒரு ஜோடியின் சிக்னல் இன்னொன்றில் கசிந்து, வேகம் விழும், இணைப்பு விட்டுவிட்டு வரும். கம்பி தொடர்கிறதா என்று மட்டுமே அந்த டெஸ்டர் பார்க்கும்; எது எதோடு முறுக்கியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதே காரணத்துக்காக, முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள்.

கம்பி முன்பக்கம் வெளியே வரும் 'பாஸ் த்ரூ' பிளக்தான் என் தேர்வு. வரிசையைக் கண்ணால் பார்த்துவிட்டு அழுத்தலாம். அனுபவசாலிகள் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும். அதற்குரிய கிரிம்பரும் கேட் 6க்கான பிளக்கும் கேட்டு வாங்குங்கள். கேட் 5இ பிளக்கில் தடித்த கம்பி நுழையாமல் மல்லுக்கட்டும். லோ யாட்டிலோ புடு ஜாலான் பாசார் கடைகளிலோ கிடைக்கும். சுவர்ப் பக்கத்தில் பிளக்குக்குப் பதில் சாக்கெட் போட்டு, அங்கிருந்து கணினிக்கு ரெடிமேட் வயர் செருகினால் இன்னும் நல்லது.

4. சோதனை

கணினியின் நெட்வொர்க் செட்டிங்கில் இணைப்பு வேகம் 1000 எம்பிபிஎஸ், அதாவது 1 ஜிகாபிட், காட்ட வேண்டும். 100 காட்டினால் நீலத்தையும் பழுப்பையும் முதலில் பாருங்கள். 100க்கு 1, 2, 3, 6 போதும். ஜிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் தொட வேண்டும்.

பிற்சேர்க்கை: பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர், டிவியில் மட்டும் 100ஐத் தாண்டவில்லை என்று பிளக்கை வெட்டி வெட்டி மாற்றிக்கொண்டிருந்தார். அதே வயரை லேப்டாப்பில் செருகச் சொன்னேன், 1000 வந்தது. பல ஸ்மார்ட் டிவிகளின் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். படம் பார்க்க அது தாராளம்.

இன்னொருவர் தோட்டத்தைத் தாண்டி இருக்கும் தனி ஆபீஸ் அறைக்கு ஷீல்டு (உலோக உறை) வைத்த கேட் 6ஏ இழுக்கலாமா என்று கேட்டிருந்தார். நம் ஊர் சாயங்கால இடிமழையில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்பு வேண்டாம். ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின் சிக்னலாகவும் மாற்றும் பெட்டி) வையுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. உள்ளே இரும்புக் கவசம் இல்லாத ஃபைபரா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.