ஆங்கில நவுனை (பெயர்ச்சொல்லை) வகை பிரிப்பது எப்படி?

ப்ராப்பர் (தனிப்பெயர்), காமன் (பொதுப்பெயர்), கலெக்டிவ் (கூட்டத்தின் பெயர்), மெட்டீரியல் (இரும்பு போன்ற மூலப்பொருளின் பெயர்), அப்ஸ்ட்ராக்ட் (குணம், கருத்து போன்றவற்றின் பெயர்) என்று பள்ளியில் ஐந்து வகை சொல்லித் தருவார்கள். ஐந்தையும் ஒப்பிப்பவர்களே ‘ஏ ஃபர்னிச்சர்’ என்று எழுதிவிடுகிறார்கள். பிழை விழும் இடம் பெரும்பாலும் வேறு: அந்தச் சொல்லை எண்ணலாமா, கூடாதா என்பதில். அதனால் பெயர் சூட்டும் வேலையைக் கொஞ்சம் தள்ளிவைத்து, சொல்லை அது வரும் வாக்கியத்தோடு சேர்த்துச் சோதியுங்கள்.

முதலில், அது ஒருவருக்கோ ஓர் இடத்துக்கோ உரிய தனிப்பெயரா என்று பாருங்கள். ஆமென்றால் ப்ராப்பர் நவுன். கேபிடல் எழுத்தில் தொடங்கும். கிழமை, மாதம், மொழிப் பெயர்களுக்கும் கேபிடல் உண்டு. ‘சம்மர்’ போன்ற பருவங்களுக்குப் பொதுவாக இல்லை.

அடுத்து, முன்னால் எண்ணை வையுங்கள். ‘த்ரீ சேர்ஸ்’ சரி, அது கவுன்டபிள். ‘த்ரீ ஃபர்னிச்சர்ஸ்’ தவறு, அது அன்கவுன்டபிள். இந்தச் சோதனையில் நம் காதை மட்டும் நம்ப முடியாது. தமிழ்ப் பேச்சில் ‘ரெண்டு லக்கேஜ்’, ‘ஒரு அட்வைஸ்’ என்று சகஜமாகச் சொல்வதால் தவறு உறுத்தாது. சந்தேகம் வந்தால் மாணவர்களுக்கான ஆங்கில அகராதியைப் பாருங்கள். கவுன்டபிளுக்கு ‘சி’, அன்கவுன்டபிளுக்கு ‘யு’ என்ற எழுத்தைப் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். லக்கேஜ், அட்வைஸ், இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட், ஹோம்வொர்க் எல்லாமே ‘யு’. இவற்றுக்கு முன்னால் ‘ஏ’, ‘ஆன்’ வராது. பின்னால் ‘எஸ்’ சேராது. ‘மெனி’ போடும் இடத்தில் ‘மச்’ போட வேண்டும். எண்ணியே தீர வேண்டுமென்றால் ‘டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்’.

ஒரே சொல் இடத்துக்கு இடம் வகை மாறும். ‘பேப்பர்’ எழுதும் தாளாகும்போது அன்கவுன்டபிள். ‘ஏ பேப்பர்’ என்றால் செய்தித்தாள் அல்லது ஆய்வுக் கட்டுரை. ‘அயர்ன்’ உலோகம்; ‘ஆன் அயர்ன்’ இஸ்திரிப் பெட்டி. தலைமுடி மொத்தமும் ‘ஹேர்’தான், ‘ஹேர்ஸ்’ ஆகாது. சாம்பாரில் கிடக்கும் ஒற்றை முடி ‘ஏ ஹேர்’. காஃபியும் அன்கவுன்டபிள்தான், ஆனால் ஹோட்டலில் ‘டூ காஃபீஸ்’ என்று கேட்பதில் தவறில்லை. அங்கே எண்ணுவது கோப்பையை. மெட்டீரியல் நவுன் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது வீண்வேலை என்பது இதனால்தான்.

கடைசி எழுத்தும் ஏமாற்றும். ‘நியூஸ்’, ‘மேத்தமேடிக்ஸ்’ இரண்டும் எஸ்ஸில் முடிந்தாலும் ‘இஸ்’தான் வரும். ‘சிசர்ஸ்’, ‘ட்ரவுசர்ஸ்’ ஒன்றே ஒன்றானாலும் ‘ஆர்’. எஸ் இல்லாத ‘போலீஸ்’, ‘கேட்டில்’ (மாடுகள்) இரண்டுக்கும் ‘ஆர்’.

‘டீம்’, ‘ஃபேமிலி’ போன்றவை கலெக்டிவ். அமெரிக்க வழக்கில் இவற்றுக்குப் பெரும்பாலும் ‘இஸ்’. பிரிட்டிஷ் வழக்கில் ‘ஆர்’ போடுவதும் உண்டு. எதைப் பிடித்தாலும் கட்டுரை முழுக்க அதையே பிடியுங்கள்.

‘கைண்ட்னெஸ்’ போல ‘னெஸ்’ஸில் முடிந்தால் பெரும்பாலும் அப்ஸ்ட்ராக்ட். ‘மென்ட்’டை அப்படி நம்பாதீர்கள், ‘அபார்ட்மென்ட்’டும் அதில்தான் முடிகிறது. அப்ஸ்ட்ராக்ட் என்றாலே எண்ண முடியாது என்றும் முடிவுகட்ட வேண்டாம்: ‘ஐடியா’ அப்ஸ்ட்ராக்ட்தான், ‘த்ரீ ஐடியாஸ்’ என்பது சரியான ஆங்கிலம்தான்.