ஒன்லைனில் பழைய பொருள் விற்கிறீர்களா? காசு உண்மையிலேயே வந்ததா என்று பார்ப்பது எப்படி

வீடு மாறினாலும் புதுப் போன் வாங்கினாலும் கொழும்பில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். பழையதைப் படம் எடுத்து இக்மனிலோ பேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ போட்டுவிடுவார்கள். வாங்கப் போகிறவர் ஏமாறாமல் இருக்க ஆயிரம் அறிவுரை கிடைக்கிறது. விற்கிறவருக்குத்தான் யாரும் சொல்வதில்லை. பொருளும் போய், காசும் வராமல், கடைசியில் பொலிஸில் வாக்குமூலமும் கொடுக்க வேண்டிய நிலை விற்பவருக்கும் வரும்.

முதன்முறை விற்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். போன், லப்டொப், பிரிட்ஜ், சோபா, கேமரா போன்றவை மட்டும்தான். வாகனம் விற்பது பற்றி இங்கே பேசவில்லை. அதன் பத்திர வேலைக்குத் தனியாக ஒரு பதிவு வேண்டும்.

1. விளம்பரம் போடும் முன்

படங்களை நீங்களே எடுங்கள். கீறல் இருந்தால் அதையும் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள். "படத்தில் இது இல்லையே" என்று பிறகு வரும் சண்டையில் பாதி அப்போதே முடிந்துவிடும். போன் என்றால் பெட்டியிலுள்ள ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண், படத்தில் தெரியாமல் மறையுங்கள். லப்டொப்பின் தொடர் இலக்கமும் அப்படித்தான். ஆனால் இரண்டையும் உங்களிடம் எழுதி வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

முகவரி போட வேண்டாம். "வெள்ளவத்தை" என்றால் போதும், ஒழுங்கையின் பெயரும் பிளாட் இலக்கமும் எதற்கு? முடிந்தால் விளம்பரத்துக்கென்று வேறு சிம் ஒன்றைப் பாவியுங்கள். உங்கள் வங்கிக் கணக்கோடு இணைந்த நம்பர் ஊரெல்லாம் தெரியாமல் இருப்பது நல்லது.

2. வாட்ஸ்அப்பில் கதைக்கும்போது

கொழும்பில் உண்மையாக வாங்க வருகிறவர் முதலில் கேட்பது "லாஸ்ட் கீயத?" (கடைசி விலை எவ்வளவு?) என்பதுதான். எரிச்சலாக இருக்கும், ஆனால் அது நல்ல சகுனம். பேரம் பேசுகிறவருக்குத் தன் காசின் மேல் அக்கறை இருக்கிறது. கேட்ட விலைக்கே சம்மதித்து, பொருளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், "இப்பவே காசு போடுறன், கணக்கு இலக்கம் அனுப்புங்கோ" என்கிறவரைக் கண்டால் கொஞ்சம் நிதானியுங்கள்.

இந்தக் கட்டத்தில் அடிக்கடி நடக்கும் மோசடி லிங்க் அனுப்புவது. "நான் வெளியூரில் இருக்கிறேன், டெலிவரி கம்பனி வந்து பொருளை எடுக்கும், காசைப் பெற இந்த லிங்க்கில் உங்கள் விவரத்தைப் போடுங்கள்" என்று செய்தி வரும். திறந்தால் தபால் திணைக்களத்தின் தளம் போலவோ தெரிந்த விளம்பரத் தளம் போலவோ ஒரு பக்கம் இருக்கும். அதில் அட்டை இலக்கம், காலாவதித் திகதி, பின்னாலுள்ள மூன்று இலக்கம், பிறகு வங்கி உங்கள் போனுக்கு அனுப்பும் ஓடிபி என்று வரிசையாகக் கேட்பார்கள். காசு பெறுவதற்கு இவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை. உங்கள் பெயர், வங்கி, கிளை, கணக்கு இலக்கம், அவ்வளவுதான். ஓடிபி என்பது உங்கள் கணக்கிலிருந்து காசு வெளியே போவதற்கு நீங்கள் கொடுக்கும் சம்மதம். அதை விற்கிறவரிடம் கேட்க ஒருவருக்கும் காரணம் இல்லை.

கணக்கு இலக்கத்தைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், ஆளை நேரில் கண்ட பிறகே கொடுங்கள். ஏன் என்று நான்காம் படியில் சொல்கிறேன்.

3. எங்கே சந்திப்பது

சிறிய பொருளுக்கு வீட்டுக்கு ஆளைக் கூப்பிட வேண்டாம். பம்பலப்பிட்டி மெஜஸ்டிக் சிட்டி, யூனிட்டி பிளாசா, கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசா போன்ற இடங்களில் கமராவும் காவலாளியும் இருப்பார்கள். பெரிய தொகை என்றால் என் தெரிவு வங்கிக் கிளைதான். காலி வீதி நெடுக வங்கிகள் இருக்கின்றன. பகலில் அங்கே சந்தித்து, அவர் கவுண்டரில் உங்கள் கணக்கில் காசைக் கட்டட்டும். எண்ணுவது, கள்ளநோட்டுப் பார்ப்பது எல்லாம் காசாளர் பாடு. இதற்குச் சம்மதிக்காதவர் என்ன காரணம் சொல்கிறார் என்று கவனியுங்கள்.

பிரிட்ஜ், சோபா மாதிரி வீட்டுக்கு வந்துதான் தூக்க வேண்டும் என்றால் இன்னொருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். பிளாட் என்றால் கீழே செக்யூரிட்டியிடம் வருகிறவரின் பெயரும் வாகன இலக்கமும் பதியப்படும். அப்படிப் பதிவார்கள் என்று வாங்க வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

4. காசு

பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான், ஆகவே அவசரப்படாமல் வாசியுங்கள்.

கைக்காசு. 5000 ரூபா நோட்டுதான் நம்மிடம் உள்ள பெரிய நோட்டு, கள்ளநோட்டுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியதும் அதுதான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே நீர்வரியாக ஒரு பறவை தெரிய வேண்டும். விரலால் தடவினால் அச்சு மேடாகத் தட்டுப்பட வேண்டும். பாதுகாப்பு நூலையும் பாருங்கள். இருட்டில், ஓட்டோவுக்குள் இருந்து எண்ண வேண்டாம். கட்டாகத் தந்தாலும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெட்கம் வேண்டாம், கடைக்காரர் நம் முன்னாலேயே பார்ப்பதில்லையா?

ஒன்லைன் பரிமாற்றம். "அண்ணா, காசு போட்டாச்சு, சிலிப் பாருங்கோ. நெட்வொர்க் பிரச்சினை, அஞ்சு நிமிசத்தில வந்திடும்." இந்த வசனத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், ஒருநாள் யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைப் போனிலேயே இரண்டு நிமிடத்தில் தயாரிக்கலாம். வங்கியின் பெயரில் எஸ்எம்எஸ் வந்ததுபோலவும் அனுப்பலாம். உண்மையான சிலிப் என்றாலும், நாளைய திகதிக்குப் போட்டுவிட்டு நீங்கள் போனதும் ரத்துச் செய்யலாம்.

நம் நாட்டில் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனடியாகக் காசு போவது செஃப்ட்ஸ் எனும் முறையில். போயா தினம், ஞாயிறு என்று பார்க்காமல் இரவும் பகலும் இயங்கும். அதில் அனுப்பியது வழமையாகக் கொஞ்ச நேரத்தில் உங்கள் கணக்கில் தெரியும். ஸ்லிப்ஸ் எனும் இன்னொரு முறை தொகுதி தொகுதியாகப் போவது, உடனே வராது. அவர் எதைத் தெரிவு செய்தார் என்று உங்களுக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. உங்கள் வங்கியின் செயலியை நீங்களே திறந்து, எடுக்கக்கூடிய மீதியில் தொகை ஏறிவிட்டதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் பொருள் உங்கள் கையிலேயே இருக்கட்டும். "அப்ப நான் பொய் சொல்றனா?" என்று அவர் கோபப்பட்டால், "இல்லை தம்பி, வந்ததும் எடுங்கோ, ஒரு தேத்தண்ணி குடிப்பம்" என்று சொல்லிவிட்டு இருங்கள்.

காசோலை. வாங்க வேண்டாம். வைப்பில் இட்டவுடன் கணக்கில் தொகை தெரியும், ஆனால் அது தெளிவாகி வர அடுத்த வேலை நாள் ஆகும். வெள்ளிக்கிழமை பின்னேரம், அதுவும் திங்கள் போயா என்றால், ஆள் தப்பிக்க நான்கு நாள் கிடைத்துவிடும். காசோலை வைப்புச் சிலிப்பைக் காசு வைப்புச் சிலிப் என்று காட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

கூடுதலாக வந்த காசு. 58,000 அனுப்ப வேண்டிய இடத்தில் "தவறி 85,000 போட்டுவிட்டேன், மீதியை இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்பார்கள். பெரும்பாலும் எதுவும் வந்திருக்காது. உண்மையிலேயே வந்திருந்தால் இன்னும் கவனம் தேவை, அது யாருடைய காசு என்று உங்களுக்குத் தெரியாது. வேறொரு கணக்குக்கு நீங்களாக அனுப்பாமல் உங்கள் வங்கிக்குச் சொல்லி, வந்த கணக்குக்கே திருப்பச் சொல்லுங்கள்.

மூன்றாம் ஆளின் காசு. விற்பவர்களில் பலருக்கு இது தெரியாது. நீங்கள் லப்டொப் ஒன்றை 1,40,000 ரூபாவுக்குப் போடுகிறீர்கள். மோசடிக்காரர் வாங்குவதாகச் சொல்லி உங்கள் கணக்கு இலக்கத்தை எடுக்கிறார். அதேவேளை குருநாகலிலோ காலியிலோ உள்ள ஒருவருக்கு, இல்லாத ஒரு ஐபோனைத் தருவதாகச் சொல்லி, அதே தொகையை உங்கள் கணக்கில் போடச் சொல்கிறார். காசு உண்மையாகவே வருகிறது. நீங்களும் நம்பி லப்டொப்பைக் கொடுக்கிறீர்கள். ஐபோன் வராதவர் பொலிஸுக்குப் போகும்போது அவரிடம் இருப்பது ஒரே ஒரு பெயர், கணக்கு இலக்கத்தோடு உங்களுடையது. கணக்கு முடக்கப்படலாம். நீங்கள் குற்றமற்றவர் என்று காட்டும் வேலை உங்கள் தலையில்.

அதனால்தான் கணக்கு இலக்கத்தை நேரில் மட்டும் கொடுக்கச் சொன்னேன். உங்கள் முன்னாலேயே, அவருடைய சொந்தக் கணக்கிலிருந்து அனுப்பட்டும். குறிப்பு இடத்தில் பொருளின் பெயரை எழுதச் சொல்லுங்கள். அனுப்பியவர் பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். "இது அண்ணாட கணக்கு" என்றால், சரி, அண்ணா வரட்டும், அல்லது கைக்காசு தாருங்கள் என்று சொல்லலாம். தெரியாத பெயரில் ஏற்கெனவே காசு வந்துவிட்டால் பொருளைக் கொடுக்காமல் வங்கிக்குச் சொல்லுங்கள்.

5. கைமாற்றும்போது

பரிசோதிக்கத் தாராளமாக விடுங்கள், ஆனால் பொருள் உங்கள் கண்பார்வைக்குள் இருக்கட்டும். "நண்பனின் கடையில் காட்டிவிட்டு வருகிறேன்" என்றால் கூடவே போங்கள். நல்ல திரையோ பற்றரியோ மாற்றப்பட்டு, "இது வேலை செய்யவில்லை" என்று திரும்பி வரும் கதை யூனிட்டி பிளாசா பக்கம் கேட்டால் தெரியும்.

போன் என்றால் *#06# அடித்து 15 இலக்க ஐஎம்இஐயைக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் உள்ளதா என்று பதில் வரும். அவரே தன் போனிலிருந்து அனுப்பிப் பார்க்கட்டும். கூகுள் அல்லது ஐகிளவுட் கணக்கை நீக்கிய பிறகே போனை முழுமையாக அழியுங்கள், மாறிச் செய்தால் வாங்கியவருக்குப் போன் திறக்காது, உங்களைத்தான் தேடுவார். இதைக் காசு வந்த பிறகு, அவர் முன்னால் செய்யுங்கள். சிம்மைக் கழற்ற மறப்பவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு சின்னத் தாள்: பொருள், தொடர் இலக்கம், தொகை, திகதி, "பரிசோதித்துப் பெற்றுக்கொண்டேன்", இரு பக்கக் கையொப்பம். இரண்டு பிரதி. இதைக் கேட்டதும் முகம் மாறுகிறவருக்கு விற்காமல் விடுவதே நல்லது.

6. வெளியூருக்கு அனுப்புவதானால்

இங்கே மட்டும் கணக்கு இலக்கத்தை நேரில் கொடுக்க முடியாது. ஆகவே காசு கணக்கில் ஏறி, அனுப்பியவர் பெயரும் வாங்குகிறவர் பெயரும் ஒன்றா என்று பார்த்த பிறகு அனுப்புங்கள், அல்லது பொருள் கொடுக்கும்போது காசு வாங்கித் தரும் கூரியர் சேவையைப் பாவியுங்கள். பெட்டியில் அடைப்பதை ஒரே தொடராக வீடியோ எடுங்கள், தொடர் இலக்கம் அதில் தெரிய வேண்டும். "கல் வந்தது" என்று சொல்கிறவருக்கு அதுதான் பதில்.

7. ஏமாந்துவிட்டால்

அட்டை விவரமோ ஓடிபியோ கொடுத்திருந்தால் முதலில் வங்கியின் 24 மணி நேர இலக்கத்துக்கு அழைத்து அட்டையையும் ஒன்லைன் வங்கியையும் நிறுத்துங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், அவரைத் தடுக்கவும் வேண்டாம். எல்லாவற்றையும் திகதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இணையப் பாதுகாப்புக்கான அரச அமைப்பான இலங்கை செர்ட்டை 101இல் அழைத்து ஆலோசனை கேட்கலாம். புகாரை உங்கள் பொலிஸ் நிலையத்தில் கொடுங்கள், இணைய மோசடிகளுக்குக் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணினிக் குற்றப் பிரிவும் இருக்கிறது.

வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில்தான் எழுதினார்கள், உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்றால், யாராவது மொழிபெயர்த்துச் சொல்லும்வரை கையொப்பமிடாதீர்கள். தொகையும் கணக்கு இலக்கமும் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று உங்கள் விரலை வைத்தே பாருங்கள். கிளம்பும்முன் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், வங்கியில் கேட்பார்கள்.