வெக்டர் வீடு மாறும், பாயின்டர் மாறாது

கோத்தகிரியில் மாலை நேரத்தில் என்னிடம் நிரல் எழுதப் பழக வரும் பிள்ளைகளின் திரையைப் பார்த்தால் சில நாள் எரிச்சலே வருகிறது. நான் ஆரம்பத்தில் எழுதிய அதே வரிகள்! எண்ணிக்கை 0-வில் தொடங்கும் என்பதை மறப்பதெல்லாம் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அதை விட்டுவிடுகிறேன். தரவுகளை வரிசையாக அடுக்கி வைக்கும் அரேயில் செய்யும் மற்ற நான்கு தவறுகள் இங்கே.

வளரும் அரேயில் பாயின்டரை நம்புவது

சி++ மொழியின் வளரும் அரேதான் வெக்டர். அது இருந்த இடத்திலேயே நீள்வதில்லை. கொள்ளளவு நிரம்பியதும் வேறிடத்தில் பெரிய துண்டாக நினைவகம் வாங்கி, எல்லாவற்றையும் அங்கே நகர்த்திவிட்டு, பழையதைக் கைவிட்டுவிடும். ஜிசிசி கம்பைலரில் ஒவ்வொன்றாகச் சேர்த்தால் கொள்ளளவு 1, 2, 4 என்று இரட்டிப்பாகி 64, 128 என்று போகும்.

தேயிலை எடை போடும் ஓர் இடத்துக்கு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். இலை கொண்டுவரும் ஒவ்வொருவருக்கும் வெக்டரில் ஒரு பதிவு. தராசில் யார் மூட்டை இருக்கிறதோ அவர் பதிவின் நினைவக முகவரியை வைத்திருக்க ஒரு பாயின்டர். சோதித்தபோது ஒருவர் எடை முடிந்த பிறகே அடுத்தவரைச் சேர்த்தேன். நிஜத்தில் அப்படியா நடக்கும்? கொழுந்து தள்ளும் நாளில், ஒருவர் மூட்டை தராசில் இருக்கும்போதே அடுத்தவர் பெயர் ஏறிவிடும்.

65-வது பெயர் ஏறியதும் வெக்டர் இடம் மாறியது. தராசருகே நின்ற 64-வது அம்மாவின் மீதி இரண்டு மூட்டை எடையும் பழைய இடத்தில் போய் விழுந்தது. நிரல் நிற்கவில்லை, ஒரு பிழைச் செய்திகூட இல்லை.

"தம்பி, மூணு மூட்டை இறக்கினேன். சீட்டுல ஒண்ணுதானே இருக்கு?"

18 கிலோ என்று அச்சான சீட்டை நீட்டினார். நான் தராசைச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் அதைக் கழற்றி மாட்டினேன். 33-வது பெயரிலும் இதே இடமாற்றம் நடந்திருக்கும். அப்போது தராசு காலி, அவ்வளவுதான்.

பாயின்டருக்குப் பதில் இன்டெக்ஸ், அதாவது வரிசை எண், வையுங்கள். நடுவில் யாரையும் நீக்காதவரை, வெக்டர் எங்கே போனாலும், 0-விலிருந்து எண்ணினால் அந்த அம்மா 63-தான். "300 ரிசர்வ் பண்ணிட்டேன் அண்ணா" என்று முன்கூட்டியே இடம் ஒதுக்குபவர்களிடம் 301-வது ஆள் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்பேன். பதில் வராது.

நிலையான அரேயை ஒவ்வொன்றாக நீட்டுவது

ஜாவாவில் ஒவ்வொரு தடவையும் ஓர் இடம் கூடுதலான புது அரே உருவாக்கி, பழையதை அதில் நகலெடுக்கிறார்கள். 1,000 பதிவு சேர்வதற்குள் 4,99,500 நகல். ஜாவாவின் வளரும் அரேயான அரேலிஸ்ட் ஏறக்குறைய ஒன்றரை மடங்காக வளர்வதால் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் முடித்துவிடும்.

மாதங்களுக்கு வெக்டர்

மாதம் 12-தான், கூடப்போவதில்லை. நிலையான அரே போதும்.

அர்டுயினோ ஊனோவில் வளரும் அரே

ஊனோ என்னும் சிறு கணினிப் பலகையின் R3 வகையில் ரேம் 2 கிலோபைட். வேண்டாம். ஊட்டியில் உறைபனி இரவுகளைக் கவனிக்க ஐந்து நிமிடத்துக்கு ஒரு வெப்பநிலை எடுத்தாலும் நாளைக்கு 288 அளவு. இரண்டு பைட் வீதம் 576 பைட். நிலையான அரே ஒன்று போட்டு, நிரம்பியதும் முதலிலிருந்து மேலெழுதிக்கொண்டே போங்கள்.