லேட்டன் இரண்டாம் பாகம்: குறிப்பு நாணயம் கரையாமல் புதிர் அவிழ்ப்பது எப்படி

திறந்தவர் பிழைப்பதில்லை என்று பேர்பெற்ற ஒரு பெட்டி. அதை ஆராய்ந்த முதியவர் தன் வீட்டில் அசைவற்றுக் கிடக்கிறார், பெட்டியைக் காணவில்லை. மிஞ்சிய தடயம், போய்ச்சேரும் ஊரின் பெயரே இல்லாத ஒரு ரயில் டிக்கெட். பேராசிரியர் லேட்டனும் அவருடைய சின்னஞ்சிறு சீடன் லூக்கும் அந்த ரயிலில் ஏறுகிறார்கள். ஏறிய நொடி முதல் டிக்கெட் பரிசோதகர், சமையல்காரர், குழந்தை என்று எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் புதிர் போடுகிறார்கள்.

நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்காக லெவல்-5 நிறுவனம் உருவாக்கிய இந்த விளையாட்டு ஜப்பானில் 2007 நவம்பரில் வந்தது. 2009இல் அமெரிக்காவில் 'டயபாலிகல் பாக்ஸ்' என்றும் ஐரோப்பாவில் 'பண்டோராஸ் பாக்ஸ்' என்றும் வெளியானது. பெயர்தான் இரண்டு, விளையாட்டு ஒன்றே. புதிர்களை வகுத்தவர் ஜப்பானியப் புதிர் மேதை அகிரா தாகோ. இப்போது ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் மெருகேற்றிய பதிப்பு உண்டு. முதல் பாகம் ஆடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, கதை தனித்தே நிற்கும். இரண்டு ஆங்கிலப் பதிப்புகளிலும் ஒருசில புதிர்கள் மாறுபடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இணையத்தில் விடை தேடும்போது புதிரின் எண்ணைப் பார்த்தால் போதாது, தலைப்பும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாணயமும் பிக்கராட்டும்

கையிருப்பு இரண்டு வகை. ஒன்று, குறிப்பு வாங்கச் செலவாகும் நாணயம். மற்றொன்று, புதிரை அவிழ்த்தால் கிடைக்கும் பிக்கராட் என்ற மதிப்பெண். ஆட்டம் 10 நாணயத்தோடு தொடங்கும். ஒவ்வொரு புதிருக்கும் மூன்று குறிப்புகள் உண்டு, ஒன்றுக்கு ஒரு நாணயம். தவறான விடை கொடுத்தால் பிக்கராட் கொஞ்சம் குறையும், மறுபடி தவறினால் இன்னும் கொஞ்சம் குறையும். அதற்குப் பிறகு எத்தனை தவறு செய்தாலும் அதே அளவில் நின்றுவிடும். சேர்த்த பிக்கராட்டுகள் கதை முடிந்தபின் படத்தொகுப்பு போன்ற கூடுதல் பகுதிகளைத் திறக்கப் பயன்படும். நாணயத்துக்கு அந்த வேலை இல்லை.

நாணயங்கள் படத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. விளக்கு, ஜன்னல், பீப்பாய், பெயர்ப்பலகை, புகைபோக்கி, கடிகாரம், பூந்தொட்டி என்று கண்ணில் தனித்துத் தெரியும் எதையும் தட்டிப் பாருங்கள். ஒரு புதிய இடத்துக்குள் நுழைந்ததும் யாரிடமும் பேசுவதற்கு முன்பே மேல் மூலையிலிருந்து வரிசையாகத் தட்டிவருவது நல்லது. பேச்சுக் கொடுத்ததும் கதை நகர்ந்து, சில இடங்களுக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும். விட்டுப்போன புதிர்களை ஒரு குடிலில் சேகரித்து வைத்திருப்பார்கள், பிறகு போய் ஆடலாம். விட்டுப்போன நாணயத்துக்கு அப்படி ஏற்பாடு இல்லை.

முதல் குறிப்பு பெரும்பாலும் கேள்வியையே வேறு சொற்களில் சொல்லும். இரண்டாவது எந்தப் பக்கம் யோசிக்க வேண்டும் என்று காட்டும். மூன்றாவது விடையின் வாசல்வரை கொண்டுபோய் விடும். முதல் குறிப்போடு நின்றால் அந்த நாணயம் அநேகமாக வீண். வாங்குவதென்றால் இரண்டு வாங்க வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டு தொடங்குங்கள், இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

டிஎஸ் பதிப்பில் சேமிப்பது நம் கையில் இருக்கிறது. கடினமான புதிருக்கு முன்னால் ஆட்டத்தைச் சேமித்துவிட்டுக் குறிப்புகளைப் படித்து, பிறகு கருவியை அணைத்துப் போட்டால் நாணயமும் பிக்கராட்டும் பழைய நிலைக்கே திரும்பும். இறுதிவரை முழு மதிப்பெண்ணோடு போக நினைப்பவர்களுக்கு இந்த வழி உதவும்.

கேள்வியிலேயே ஒளிந்திருக்கும் கண்ணி

இந்தத் தொடரில் கணக்குப்போல் தோன்றும் கேள்விகளில் பல கணக்கே அல்ல. 10 மீட்டர் கயிற்றை ஒரு மீட்டர்த் துண்டுகளாக்க எத்தனை வெட்டு என்று கேட்டால் கை தானாக 10 என்று எழுதப் போகும். கடைசி வெட்டில் இரண்டு துண்டு விழுவதால் 9 போதும். எரியும் 10 மெழுகுவர்த்திகளில் 3 காற்றில் அணைந்தன, விடியும்போது எத்தனை மிச்சம் என்றால் 3. எரிந்தவை உருகிப்போயிருக்கும்.

இதற்கு ஒரு பழக்கம் வேண்டும். கேள்வியின் கடைசி வாக்கியத்தை முதலில் படியுங்கள், என்ன கேட்கிறார்கள் என்பது அங்கேதான் இருக்கும். அடுத்து, மேலே சொன்ன எண்களில் எது அந்தக் கடைசி வாக்கியத்துக்குத் தேவையே இல்லை என்று பாருங்கள். நீண்ட கதையும் பல எண்களும் கொடுத்து, பிக்கராட் மட்டும் குறைவாகப் போட்டிருந்தால் கண்ணி இருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். பெரிய கணக்குப் போட்டே ஆகவேண்டிய புதிருக்கு மதிப்பெண் அதிகம் இருக்கும். ஆங்கில எழுத்துகளின் வடிவத்தையோ சொல்லின் எழுத்தையோ வைத்து வரும் புதிர்களும் உண்டு. எண்ணாகவும் படமாகவும் பார்த்து ஒன்றும் பிடிபடவில்லை என்றால், திரையில் இருப்பதை எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

இந்த இரண்டாம் பாகத்தில்தான் புதிரின் மேலேயே கிறுக்கிப் பார்க்கும் வசதியைச் சேர்த்தார்கள். ஆனாலும் பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும். சிறிய திரையில் ஏழெட்டு வரி கணக்கு அடங்காது.

ஊற்றி அளக்கும் புதிர்

8 லிட்டர்ப் பாத்திரம் நிறையப் பால், பக்கத்தில் 5 லிட்டரும் 3 லிட்டரும் கொள்ளும் வெறும் பாத்திரங்கள். சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். எண்களை மாற்றி மாற்றிப் போட்டாலும் வழி ஒன்றுதான். எப்போதும் ஒரே சுற்றில் ஊற்றுங்கள்: பெரியதிலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து சிறியதுக்கு, சிறியது நிறைந்ததும் பெரியதுக்கு. நடுப்பாத்திரம் காலியானால் மட்டும் பெரியதிலிருந்து மறுபடி நிரப்புங்கள். 8, 5, 3 என்ற வரிசையில் பாத்திரங்களில் இருப்பதை எழுதினால் இப்படிப் போகும்:

8-0-0, 3-5-0, 3-2-3, 6-2-0, 6-0-2, 1-5-2, 1-4-3, 4-4-0.

ஏழே ஊற்று. முதலில் 3 லிட்டரை நிரப்பி எதிர்ச்சுற்றில் போனால் எட்டு ஊற்று ஆகும். முடிவு வரும், ஒன்று கூடுதல், அவ்வளவுதான். இதில் சிக்கிக்கொள்பவர்கள் எல்லாரும் செய்யும் தவறு ஒன்றே. நடுவில் பயந்துபோய், இப்போது ஊற்றியதை அப்படியே திருப்பி ஊற்றுவார்கள். அதனால் பழைய நிலைக்குத்தான் வந்துசேர முடியும். ஏற்கெனவே எழுதிய எண்வரிசை மறுபடி வந்தால் சுற்றை விட்டு விலகிவிட்டீர்கள் என்று பொருள்.

தராசுப் புதிருக்கும் இதேபோல் ஒரு திறவுகோல் உண்டு. ஒருமுறை நிறுத்தால் மூன்று முடிவுகள்: இடது தாழும், வலது தாழும், சமமாகும். அதனால் பொருள்களை இரண்டாகப் பிரிக்காமல் மூன்றாகப் பிரிக்க வேண்டும். 8 முத்தில் ஒன்று மட்டும் கனம் என்றால் 3, 3, 2. மூன்றும் மூன்றும் சமமானால் மிச்ச இரண்டை நிறுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்த மூன்றில் இரண்டை நிறுங்கள், அவை சமமானால் ஒதுக்கிவைத்ததுதான் கனம். இரண்டே தடவை. 9 முத்தானாலும் இரண்டு தடவை போதும், 27 ஆனால் மூன்று.

தீக்குச்சி

குச்சியை நகர்த்துவதற்கு முன்னால் எண்ண வேண்டும். 12 குச்சியால் ஜன்னல் வடிவில் நான்கு கட்டம் அடுக்கியிருக்கிறது, 3 குச்சியை மட்டும் நகர்த்தி ஒரே அளவில் மூன்று சதுரம் ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று சதுரத்துக்கு நான்கு பக்கம் வீதம் 12. கையில் இருப்பதும் 12. ஆக எந்தக் குச்சியும் இரண்டு சதுரத்துக்குப் பொதுவாக இருக்கக்கூடாது, சதுரங்கள் மூலையில் மட்டுமே தொடலாம். இவ்வளவு தெரிந்துவிட்டால் படம் தானே தெளியும்: வலது மேல் கட்டத்தையும் இடது கீழ்க் கட்டத்தையும் தொடாதீர்கள். மிஞ்சும் நான்கு குச்சிகளில் வலது கீழ்க் கட்டத்தின் அடிக்குச்சியை விட்டுவைத்து, மற்ற மூன்றால் அதற்குக் கீழே ஒரு சதுரம் கட்டுங்கள்.

குச்சிகளின் எண்ணிக்கை 12க்குப் பதில் 11 என்றால் ஒரு பக்கம் பொது, 10 என்றால் இரண்டு பக்கம் பொது. கேட்கும் உருவம் சதுரமாக இல்லாமல் நாய், மீன், வீடு என்று இருந்தால் எண்ணிக்கை உதவாது. அப்போது எந்தக் குச்சி கண்டிப்பாக அசையக் கூடாது என்று முடிவுசெய்து, மிச்சத்தைப் பாருங்கள்.

குதிரைப் பயணம்

சதுரங்கக் குதிரை ஒவ்வொரு கட்டத்தையும் ஒருமுறை மட்டும் மிதித்துப் பலகை முழுவதையும் சுற்றிவர வேண்டும். இந்தப் புதிர் இரண்டாம் பாகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை, சிறிய பலகையிலிருந்து பெரிய பலகைக்கு வளர்ந்து வருகிறது. முயன்று தவறி ஆடினால் 8க்கு 8 பலகையில் எப்போதும் மூன்று நான்கு கட்டங்கள் எட்டாமல் நின்றுபோகும். காரணம் மூலைகள். நடுவில் இருக்கும் 16 கட்டங்களிலிருந்து குதிரைக்கு எட்டு வழி உண்டு, மூலையிலிருந்து இரண்டே வழி. மூலைக்குப் பக்கத்திலிருக்கும் கட்டங்களுக்கு மூன்று. நடுவில் சுகமாக ஆடிவிட்டு ஓரத்தைக் கடைசிக்கு வைத்தால், அந்த இரண்டு வழிகளும் அதற்குள் அடைபட்டிருக்கும்.

இதற்கான விதியை 1823இல் வார்ன்ஸ்டார்ஃப் என்ற ஜெர்மானியர் எழுதினார். அடுத்து போகக்கூடிய கட்டங்கள் ஒவ்வொன்றையும் பாருங்கள். அங்கிருந்து மேலே போக எத்தனை புதிய கட்டங்கள் மிச்சம் என்று எண்ணுங்கள். எது மிகக் குறைவோ அங்கே போங்கள். சமமாக இருந்தால் ஓரத்துக்கு நெருக்கமானதைத் தேர்ந்தெடுங்கள். ஆட்டம் பாதி தாண்டியபின் எண்ணுவது சில விநாடி வேலைதான். முதல் பத்துப் பன்னிரண்டு அடியில் சோம்பினால்தான் கடைசியில் மாட்டிக்கொள்வோம்.

கை பழக 3 வரிசை, 4 நெடுவரிசைப் பலகையில் ஆடிப் பாருங்கள். குதிரை மிதிக்கும் முறையைக் கட்டத்தில் எண்ணாக எழுதினால் இப்படி வரும்:

மேல் வரிசை: 1, 4, 7, 10
நடு வரிசை: 12, 9, 2, 5
கீழ் வரிசை: 3, 6, 11, 8

5க்கு 5 பலகையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூலைக் கட்டங்களின் நிறத்தில் 13, மற்ற நிறத்தில் 12. குதிரை ஒவ்வோர் அடியிலும் நிறம் மாறுவதால், தொடங்குமிடத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்றால் மூலையின் நிறத்தில்தான் தொடங்க வேண்டும். மற்ற நிறத்தில் தொடங்கினால் எவ்வளவு நேரம் ஆடினாலும் முடியாது.

இந்தப் பயணத்துக்கு நம் பக்கத்திலும் பழைய உறவு இருக்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் தம் பாதுகா சஹஸ்ரத்தில் 32 எழுத்துகள் கொண்ட ஒரு வடமொழிச் செய்யுளை அமைத்திருக்கிறார். அதை 4க்கு 8 கட்டத்தில் எழுதிக் குதிரை நடையில் படித்தால் அடுத்த செய்யுள் கிடைக்கும்.

நகர்த்திப் பொருத்தும் பலகைகள்

மரத்துண்டுகளை நகர்த்திப் பெரிய துண்டை வெளியே எடுக்கும் புதிர்கள் தாமாகவே முடிகின்றன. தவறான விடை என்ற ஒன்று இல்லாததால் பிக்கராட் குறையாது. குறிப்புகளும் பொதுவாக மேலோட்டமாகத்தான் இருக்கும். இங்கே நாணயம் செலவழிப்பது வீண். பெரிய துண்டு வாசலுக்கு முந்தைய இடத்தில் நிற்க வேண்டுமானால் காலியிடம் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவிலிருந்து பின்னோக்கி யோசியுங்கள். சின்னத் துண்டுகளை ஜோடியாகவே நகர்த்துங்கள், பிரிந்துவிட்டால் காலிக் கட்டங்களும் சிதறிப்போகும்.

கேமரா, வெள்ளெலி, தேநீர்

புதிர்களுக்குப் பரிசாக வரும் உதிரிகளைப் பொருத்தினால் ஒரு கேமரா தேறும். படம் எடுக்கும் இடங்களில் எடுத்த படத்தையும் எதிரே உள்ள காட்சியையும் ஒப்பிட்டு மூன்று வேறுபாடுகளைக் கண்டுபிடித்தால் மறைந்திருக்கும் புதிர் வெளிவரும். உதிரிகள் கிடைத்தவுடன் பொருத்திவிடுங்கள். தள்ளிப்போட்டால் வந்த வழியில் திரும்ப நடக்க நேரும்.

ஆட்டத்தில் வரும் வெள்ளெலி கொழுத்துப்போயிருக்கிறது. கட்டப் பலகையில் விளையாட்டுப் பொருள்களை வைத்து அதை நடக்கவைக்க வேண்டும். பொருள்களை நெருக்கி வைத்தால் இரண்டடியில் வேலை முடிந்துவிடும், மிகத் தள்ளி வைத்தால் கண்டுகொள்ளாமல் நின்றுவிடும். ஒன்றை எட்டியபின் அடுத்தது அதன் பார்வையில் படும் தூரத்தில், பலகையின் ஓரத்தைச் சுற்றிவரும்படி வையுங்கள். மூன்றில் முதலில் முடிக்க வேண்டியது இதுதான். உடம்பு தேறிய வெள்ளெலி நாணயம் ஒளிந்திருக்கும் இடங்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். ஆட்டத்தின் பின்பாதியில் அந்த உதவி பெரிது.

தேநீருக்கு மூன்று பொருள்களைக் கலக்க வேண்டும். புதிய இலை கையில் வந்தவுடன் ஏற்கெனவே இருப்பவற்றோடு கலந்து பார்த்து, சரிப்பட்டதையும் கெட்டதையும் தாளில் குறித்துவையுங்கள். தாகம் என்று சொல்லும் ஆள் புளிப்பா, இனிப்பா, உடம்புக்கு இதமானதா என்று பேச்சில் ஒரு துப்பு கொடுப்பார். அதைப் படிக்காமல் வேகமாகத் தட்டிவிட்டுக் கையில் இருக்கும் எல்லாத் தேநீரையும் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

பழைய டிஎஸ் அட்டை வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: முன்பு வாரம் ஒரு புதிர் இணையம் வழியாக வந்தது. அதைத் தந்த நிண்டெண்டோவின் வைஃபை சேவை 2014 மே 20இல் மூடப்பட்டது. வாரப்புதிர்ப் பக்கம் இப்போது இணைய மறுத்தால் அட்டையில் பழுதில்லை.