ஒரு கண்ணை மூடிக்கொண்டு காலண்டரைப் பாருங்கள்

பார்வையைச் சோதித்துக்கொள்ள மாதத்துக்கு ஒருமுறை, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடிக்கொண்டு சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு பார்க்கலாம். பத்தடி தள்ளி நின்று கிழமை, பக்கத்தில் போய் ராகு காலம், எமகண்டம் போட்டிருக்கும் பொடி எழுத்து. அப்புறம் மறு கண். அப்படியே ஜன்னல் கம்பியையும் பாருங்கள். நேரான கம்பி நெளிந்து தெரிந்தால் விழித்திரையில் கோளாறு இருக்கலாம், உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். ஒரு கண்ணில் புரை வளர்ந்து மாதக்கணக்காகியும் பலருக்குத் தெரியாமல் போவது இதனால்தான். குழந்தைகள் சொல்லவே மாட்டார்கள். ஒரு பக்கம் மூடும்போது மட்டும் அழுது கையைத் தட்டிவிட்டால் மறு கண்ணைக் கட்டாயம் காட்டுங்கள்.

ஆனால் இது முழுப் பரிசோதனைக்கு ஈடாகாது. கிளாக்கோமா (பெரும்பாலும் கண் அழுத்தம் கூடி பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) அநேகமாக ஓரப் பார்வையைத்தான் முதலில் பறிக்கும். காலண்டர் வெகுநாள் தெளிவாகவே தெரியும். சர்க்கரை விழித்திரையைத் தாக்கத் தொடங்கும்போதும் அப்படித்தான். சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்கள், வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா இருப்பவர்கள் கண் அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். சொட்டு விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும், அன்றைக்கு வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.