அலுவலகம் மூடும் முன் கேளுங்கள்: லிங்க்ட்இன் பரிந்துரை வாங்குவதும் எழுதுவதும்

யாழ்ப்பாணத்தில் தொண்டு நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒரு திட்டத்தின் ஆயுள் இரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று வருடம். நிதி முடிந்ததும் வீட்டுக்காரரிடம் திறப்பைக் கொடுத்துவிட்டு எல்லோரும் கலைந்துவிடுவார்கள். முகாமையாளர் ஜோர்தானுக்கோ கென்யாவுக்கோ போய்விடுவார். நிறுவனம் தந்த மின்னஞ்சல் முகவரி கொஞ்ச நாளில் செயலிழந்துவிடும். பிறகு ஒரு நேர்முகத் தேர்வில், "இவர் எப்படி வேலை செய்தார்?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது. 2009இல் போர் முடிந்த பிறகு மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம், வாழ்வாதாரம் என்று வெயிலில் ஓடித்திரிந்த எத்தனையோ கள உத்தியோகத்தர்களின் உழைப்புக்கு இன்று எழுத்தில் ஒரு சாட்சியும் இல்லை.

நானும் அந்த வேலைகளில் இருந்தவள்தான், இப்போதும் இருக்கிறேன். ஆள் எடுக்கும் குழுக்களிலும் இருந்து சிவிகளை (சுயவிபரக் கோவைகளை) பார்க்கிறேன். அதனால் என்னிடம் வேலை பழகும் பிள்ளைகளுக்குச் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன்: திட்டம் முடிய இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே, உங்கள் வேலையை நேரில் கண்ட ஒருவரிடம், வேலை அனுபவத்தைப் போட்டு வைக்கும் இணையத்தளமான லிங்க்ட்இன்னில் பரிந்துரை கேளுங்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் திறன்களின் பட்டியலில் யாரோ ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போவது வேறு, ஒருவர் தன் பெயரோடும் பதவியோடும் உங்களைப் பற்றி ஒரு பந்தி எழுதுவது வேறு. முதலாவதை நான் பார்ப்பதே இல்லை. இரண்டாவதை முழுவதும் வாசிப்பேன். எழுதியவர் யார், அப்போது உங்களுக்கு மேலே இருந்தாரா, கூட வேலை செய்தாரா, எந்தத் திகதியில் எழுதினார் என்பதெல்லாம் அதிலேயே தெரியும். அவர் எந்த நாட்டுக்குப் போனாலும் அவருடைய புரொஃபைலுக்கு, அதாவது லிங்க்ட்இன்னில் அவருக்குள்ள பக்கத்துக்கு, போக ஒரு வழியும் இருக்கும்.

யாரிடம் கேட்பது? நம்மவர்கள் உடனே நினைப்பது பெரிய பதவியில் இருப்பவரை. கொழும்பில் இருக்கும் நாட்டுப் பணிப்பாளர் உங்களை ஆண்டு விழாவில் மட்டும் கண்டிருப்பார். அவர் எழுதினால் நான்கு அழகான சொற்கள்தான் வரும். உங்களோடு மோட்டார் சைக்கிளில் வடமராட்சிக்கும் தீவகத்துக்கும் வந்த திட்ட உத்தியோகத்தர் எழுதினால் வேலை தெரியும். ஒருவர் மேலே இருந்தவர், ஒருவர் கூட வேலை செய்தவர், நீங்கள் யாருக்காவது வேலை பழக்கியிருந்தால் அவர்களில் ஒருவர்: மூன்று போதும்.

பிரதேச செயலக உத்தியோகத்தர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி போன்றவர்கள் பலருக்கு லிங்க்ட்இன் இருக்காது. அவர்களுக்காகக் கணக்குத் திறந்து கொடுத்து எழுத வைக்காதீர்கள். சங்கத்தின் கடிதத் தலைப்பில், முத்திரையோடு ஒரு கடிதம் வாங்குங்கள். அதற்கு அதன் மதிப்பு உண்டு.

கேட்கிற விதம்தான் பலருக்குத் தடை. "என்னைப் பற்றி நல்லதாக எழுதித் தாங்கோ" என்று வாய்விட்டுக் கேட்பது நம் பிள்ளைகளுக்குப் பெரிய கூச்சம். ஆனால் நீங்கள் கேட்பது புகழ்ச்சியை அல்ல, அவர் கண்ணால் கண்டதை எழுதச் சொல்கிறீர்கள். இரண்டு வருடம் ஒழுங்காக வேலை செய்தவருக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

லிங்க்ட்இன்னில் தானாக வரும் ஒற்றை வரிக் கோரிக்கையை மட்டும் அனுப்பிவிட்டு இருக்காதீர்கள். முதலில் நேரிலோ போனிலோ சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுங்கள்:

"வணக்கம் அக்கா. மார்ச் மாதத்தோடு நம் திட்டம் முடிகிறது. அடுத்ததாகக் கண்காணிப்பு, மதிப்பீடு சார்ந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்கிறேன். கணக்காய்வுக்கு முன் சுயஉதவிக் குழுக்களின் புத்தகங்களை நாங்கள் சரிபார்த்ததை நீங்கள் கூடவே இருந்து பார்த்தீர்கள். அதைப் பற்றி லிங்க்ட்இன்னில் ஐந்தாறு வரி எழுதித் தர முடியுமா? வேண்டிய திகதிகளையும் விபரங்களையும் நான் அனுப்புகிறேன். இப்போது நேரம் இல்லையென்றால் பரவாயில்லை, சொல்லுங்கோ."

இதில் எந்த வேலைக்குப் போகிறீர்கள், எந்தச் சம்பவத்தை எழுத வேண்டும், எவ்வளவு நீளம், மறுக்க ஒரு வழி, நான்கும் இருக்கின்றன. மறுக்க வழி விடுவது முக்கியம். மனமில்லாமல் எழுதித் தரும் பரிந்துரை வாசிக்கும்போதே தெரிந்துவிடும்.

அவர் சரி என்றதும் லிங்க்ட்இன்னில் செய்வது சின்ன வேலை. அவர் உங்கள் நேரடித் தொடர்பில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்கவே முடியாது. அவருடைய புரொஃபைலுக்குப் போய் 'மோர்' (More) என்பதை அழுத்தினால் பரிந்துரை கேட்கும் வழி வரும். அவருக்கும் உங்களுக்கும் என்ன வேலை உறவு, அப்போது நீங்கள் என்ன பதவியில் இருந்தீர்கள் என்று கேட்கும். பதவியைக் கவனமாகத் தெரிவு செய்யுங்கள். ஒரே நிறுவனத்தில் உதவியாளராக இருந்து உத்தியோகத்தராக உயர்ந்தவர்களுக்குப் பழைய பதவியின் கீழ் பரிந்துரை போய் உட்கார்ந்துவிடும். பத்து நாளாகியும் வரவில்லையென்றால் ஒரு முறை நினைவுபடுத்துங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

இனி எழுதுகிறவருக்கு. பாடசாலை விடுகைப் பத்திரத்தில் அதிபர் எழுதும் நடை நம் எல்லோருக்கும் பழகிப்போய்விட்டது. "கடின உழைப்பாளி, நேர்மையானவர், எங்கு சென்றாலும் சிறப்பாகப் பணியாற்றுவார் என நம்புகிறேன்." இதை யாருக்கும் எழுதலாம். ஆகவே இது யாருக்கும் உதவாது. நீங்கள் நேரில் கண்ட ஒரு வேலையை எடுத்து, அதை மட்டும் எழுதுங்கள்:

"யாழ்ப்பாண அலுவலகத்தில் நான் திட்ட முகாமையாளராக இருந்தபோது இவர் கள உத்தியோகத்தராக இருந்தார். 14 சுயஉதவிக் குழுக்களின் சேமிப்பு, கடன் பதிவுகள் இவருடைய பொறுப்பு. இரண்டு குழுக்களில் கையிருப்பும் புத்தகமும் பொருந்தவில்லை என்பதைக் கணக்காய்வுக்கு முன்பே கண்டுபிடித்தார். உறுப்பினர்களை வைத்துக்கொண்டே ஒவ்வொரு பற்றுச்சீட்டாகப் பார்த்து, எவரையும் குற்றம் சாட்டாமல் சரிசெய்தார். இரண்டு குழுக்களும் இன்றும் இயங்குகின்றன. கணக்கும் மக்களும் சேர்ந்த எந்த வேலைக்கும் இவரைத் திரும்பவும் எடுப்பேன்."

கடைசி வரியை மனதார எழுத முடியுமா என்று முதலில் உங்களையே கேளுங்கள். ஆள் எடுக்கும்போது நான் தேடுவது அந்த வரியைத்தான். வெளிநாட்டு நிறுவனங்களுக்காக ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள், முதலில் தமிழில் நடந்ததை எழுதிவிட்டு ஆங்கிலத்துக்குப் போங்கள். நேரே ஆங்கிலத்தில் தொடங்கினால் எல்லோரும் எழுதும் அதே பத்துச் சொற்கள்தான் கைக்கு வரும்.

பெண்களைப் பற்றி எழுதும்போது தயவுசெய்து கவனியுங்கள். கூட வேலை செய்த ஆணுக்குத் "துணிந்து முடிவெடுப்பவர், குழுவை வழிநடத்துபவர்" என்று எழுதிய அதே கை, பெண்ணுக்கு "அமைதியானவர், பணிவானவர், எல்லோரோடும் அன்பாகப் பழகுவார்" என்று எழுதுகிறது. இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. அந்தப் பிள்ளை மழைக்காலத்தில் தனியாகக் கிராமத்துக்குப் போய், வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் விடுபட்ட குடும்பங்களுக்காகப் பிரதேச செயலகத்தில் வாதாடியிருப்பாள். அதை எழுதுங்கள். பணிவு கல்யாணப் பேச்சுக்கு உதவலாம், திட்ட முகாமையாளர் பதவிக்கு உதவாது.

நம் வேலைக்கே உரிய இன்னொரு எச்சரிக்கை: பயனாளிகள். யாழ்ப்பாணம் சின்ன இடம். ஒரு கிராமத்தின் பெயரும், "கணவனை இழந்த, இரண்டு பிள்ளைகள் உள்ள பெண்" என்ற விபரமும் சேர்ந்தாலே யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஆகவே பரிந்துரையில் பிரதேசத்தின் பெயர் வரலாம், கிராமத்தின் பெயர் வேண்டாம். வன்முறைச் சம்பவங்கள், உளநல ஆதரவு பற்றிய வேலை என்றால் பதிவு முறை, பயிற்சி, ஒருங்கிணைப்பு என்பவற்றைப் பற்றி மட்டும் எழுதுங்கள். நிதி வழங்குநரின் பெயரைப் போடுவதற்கு முன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமியின் மகன் கேட்பான். அவனோடு நீங்கள் வேலை செய்திருக்கமாட்டீர்கள். "உன்ர வேலையை நான் பார்க்கேல்லை தம்பி, அதை எழுதினால் பொய்யாகிவிடும். சிவியைக் கொண்டு வா, இருந்து திருத்தித் தாறேன்" என்று சொல்லிவிடுங்கள். நம் சிவிகளில் உறவினர் அல்லாத இரண்டு பேரின் பெயரைத்தானே சாட்சிக்குப் போடுகிறோம்? இங்கேயும் அதே முறைதான். நீங்கள் எழுதிக் கொடுப்பது உங்கள் புரொஃபைலிலும் தெரியும் என்பதை மறக்காதீர்கள். நண்பர்கள் இருவர் ஒரே நாளில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வதும் திகதியில் தெரிந்துவிடும். இருவரும் மனதார எழுதியிருந்தாலும் அது பண்டமாற்றுப் போலத்தான் வாசிக்கிறவருக்குப் படும்.

பரிந்துரை வந்ததும் அவசரப்பட்டு ஏற்றுக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஏற்கும்வரை அது வெளியில் தெரியாது. பெயர், பதவி, வருடம் எல்லாம் சரியா என்று பாருங்கள். நீங்களாக அதைத் திருத்த முடியாது. பிழை இருந்தால் திருத்தித் தரும்படி அங்கேயே திருப்பி அனுப்பலாம். அப்படி அனுப்பும்போது எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் வேண்டும் என்று எழுதிவிட்டால் அவருக்கு இரண்டு நிமிட வேலை. பிறகு போன் எடுத்து நன்றி சொல்லுங்கள், புது வேலை கிடைத்தால் அதையும் சொல்லுங்கள்.

எழுதியவர் நினைத்தால் அதை எப்போதும் மீளப் பெறலாம். உங்களுக்கிடையிலான தொடர்பை ஒருவர் நீக்கினாலும் பரிந்துரை போய்விடும், திரும்பத் தொடர்பில் சேர்ந்தாலும் அது வராது. ஆகவே வந்த அன்றே திகதி தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து, உங்கள் சேவைக் கடிதமும் நியமனக் கடிதமும் இருக்கும் அதே கோப்பில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.